கவார்த்தா ஏரிகளில் முதல் படகுப் பயணம்: கயிறு பிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

கனடாவின் கவார்த்தா ஏரிகளில் பொப்கேஜன் என்ற ஊரின் லொக் (படகுகளை ஏற்றி இறக்கும் கதவு போட்ட தண்ணீர்த் தொட்டி) சுவரில் நான் முதன்முதலாகப் படகைக் கட்டப் போனபோது, கரையில் ஐஸ்கிரீம் கோனோடு ஒரு கூட்டமே நின்று வேடிக்கை பார்த்தது. வாடகைக்கு எடுத்த படகுவீடு. பின்னாலிருந்து காற்று. சுவர் நெருங்க நெருங்க எனக்குக் கை வியர்த்தது. "கயிறு! கயிறு!" என்று நான் கத்த, மச்சான் கயிற்றோடு கரைக்குப் பாய்ந்தார். அழகான பாய்ச்சல்தான். ஆனால் கயிற்றின் மறுமுனையை யாரும் படகில் கட்டியிருக்கவில்லை. அவர் கரையில், கயிறு அவர் கையில், படகு நடுத்தண்ணீரை நோக்கி. பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் நீளக் கொக்கித்தடியால் எங்களை எட்டி இழுத்திருக்காவிட்டால் அன்றிரவு மச்சான் பொப்கேஜனிலும் நாங்கள் வேறெங்கேயோவும்தான் படுத்திருப்போம்.

அதற்குப் பிறகு பல கோடைகளில் அதே ஏரிகளுக்குப் போய் வந்துவிட்டேன். புதிதாகப் படகெடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் "ஓட்டுவது கஷ்டமா?" என்றுதான். ஓட்டுவதில் பெரிதாக ஒன்றுமில்லை. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் திறந்த ஏரியில் போகும் பெட்டியைப் பத்து வயதுப் பிள்ளையும் நேராகப் பிடித்துக்கொள்ளும். நிறுத்துவதும் கட்டுவதும் லொக்குக்குள் நிற்பதும்தான் வேலை. அதனால் இந்தக் கட்டுரையில் கயிற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

எங்கே போவது

ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கவார்த்தா ஏரிகள் வந்துவிடும். இவை தனித்தனி ஏரிகள் அல்ல. ட்ரெண்ட்–செவர்ன் நீர்வழி என்ற 386 கிலோமீற்றர் நீளமான பாதையில் கோத்த மணிகள் போல இருப்பவை. ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள ட்ரென்டனில் தொடங்கி, ஆறுகள், ஏரிகள், வெட்டிய கால்வாய்கள் வழியாக ஜோர்ஜியன் குடாவில் போர்ட் செவர்ன் வரை இந்தப் பாதை போகிறது. முதல் லொக்கை 1833-இல் பொப்கேஜனில் மரத்தால் கட்டினார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படகு போகும்படி வழி முழுமையானது 1920-இல். மரம் வெட்டி இறக்கவும் சரக்கு கொண்டு போகவும் என்று நினைத்துத் தொடங்கியது, முடிவதற்குள் ரயில் வந்துவிட்டது. அரசாங்கம் 87 வருடம் செலவழித்து நமக்கு ஒரு விடுமுறைப் பாதை கட்டித் தந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இதைப் பராமரிப்பது கனடாப் பூங்கா நிறுவனமான பார்க்ஸ் கனடா.

முதல் பயணத்துக்கு முழுப் பாதையையும் நினைக்கவே வேண்டாம். பக்ஹோர்ன், பொப்கேஜன், ஃபெனலன் ஃபோல்ஸ், லின்ட்சி. இந்த நான்கு ஊர்களுக்கும் இடையில் உள்ள தண்ணீர் போதும். ஏரிகள் பெரிதாக இருந்தாலும் கரை எப்போதும் கண்ணுக்குத் தெரியும். அரை நாளுக்குள் ஒரு ஊர் வந்துவிடும். ஒவ்வொரு ஊரிலும் லொக்குக்குப் பக்கத்திலேயே கட்ட இடம், கழிப்பறை, நடந்துபோகும் தூரத்தில் கடை.

முதல் வருடம் தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரோனி ஏரி அழகுக்குப் பெயர் போனது. பெயரிலேயே கல் இருக்கிறது, தண்ணீருக்கடியிலும் இருக்கிறது. பால்சம் ஏரிக்கு மேற்கே மிச்சல் ஏரியும் கனல் ஏரியும் நிலத்தை மூழ்கடித்து உண்டானவை. அங்கே பாதையை விட்டு விலகினால் பழைய மரக்கட்டைகளும் களையும்தான். சிம்கோ ஏரி கடல் மாதிரி எழும்பும். இவையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எங்கேயும் ஓடிப்போகாது.

காகித வேலை

கனடாவில் மோட்டார் பூட்டிய எந்தப் பொழுதுபோக்குப் படகை ஓட்டவும் தகுதிச் சான்று வேண்டும். வழக்கமான வழி படகோட்டி அட்டை. இணையத்திலேயே படித்து, 50 கேள்விப் பரீட்சையில் 75 வீதம் எடுத்தால் கிடைத்துவிடும். வாடகைப் படகுக்கு அட்டை இல்லாதவர்களும் போகலாம். நிறுவனத்தார் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை உங்களோடு நிரப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்த வாடகைக் காலத்துக்கு அதுவே சான்று. இருந்தாலும் அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள் என்பேன். அரை மணி நேர விளக்கத்தில் மிதவை நிறங்களும் வழிவிடும் விதிகளும் தலையில் நிற்காது. குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாலைகள் உட்கார்ந்து படித்தால் நிற்கும். குடும்பத்தில் இரண்டு பேர் எடுத்தால் இன்னும் நல்லது, ஒருவருக்குத் தலையிடி வந்தால் மற்றவர் ஓட்டலாம்.

சொந்தப் படகு என்றால் 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள மோட்டாருக்குப் படகு உரிம எண் எடுத்து இரு பக்கமும் எழுத வேண்டும். தூண்டில் போடுவதாக இருந்தால் மீன்பிடி அனுமதி தனி. படகு எடுத்துவிட்டோம் என்பதற்காக மீனும் நமதாகிவிடாது.

குடி விஷயத்தில் ஒரே ஒரு தடவை சொல்கிறேன். தண்ணீரில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் ஒன்ராறியோவில் உங்கள் கார் அனுமதிப்பத்திரமும் போகும். படுக்கை, சமையலறை, கழிப்பறை மூன்றும் நிரந்தரமாகப் பொருத்திய படகில், நங்கூரம் போட்ட பிறகோ கரையில் கட்டிய பிறகோ மட்டும்தான் போத்தலைத் திறக்கலாம். படகு நகரும்போது ஓட்டாத ஆளும் குடிக்கக்கூடாது.

எப்போது, எந்தப் படகு

லொக்குகள் மே மாத விக்டோரியா நாள் வார இறுதியில் திறந்து ஒக்டோபர் நன்றி நாளோடு மூடிவிடும். மே, ஜூன் தொடக்கத்தில் வாடகை குறைவு, ஆனால் தண்ணீர் ஐஸ் மாதிரி. விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் முதல் நிமிடத்தில் மூச்சு அடைக்கும். கருஈயும் நுளம்பும் வேறு. ஜூலை, ஓகஸ்டில் தண்ணீர் நன்றாக இருக்கும், கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். என்னுடைய தேர்வு செப்ரெம்பர் தொழிலாளர் நாளுக்குப் பிறகு வரும் வாரங்கள். தண்ணீரில் சூடு இன்னும் இருக்கும், லொக்கில் நிற்க வேண்டியிருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஜூலையில் வெள்ளி முதல் திங்கள் வரை எடுக்காமல், திங்கள் முதல் வெள்ளி வரை எடுங்கள்.

படகின் அளவில் ஆசைப்படாதீர்கள். "பத்துப் பேர் படுக்கலாம்" என்று விளம்பரத்தில் இருந்தால் ஆறு பேர் நிம்மதியாகப் படுக்கலாம் என்று அர்த்தம். பெரிய படகு காற்றில் பாய்மரம் மாதிரி நடந்துகொள்ளும். வழக்கமாக நடப்பது இதுதான்: இரண்டு குடும்பம் சேர்ந்து எடுப்போம் என்று தொடங்கும், பிறகு "அத்தையையும் கூட்டிக்கொண்டு போவோமே" என்று வளரும். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பது பலகையில் எழுதி ஒட்டியிருக்கும். அதில் பேரம் கிடையாது.

படகைப் பொறுப்பெடுக்கும்போது

விளக்கம் சொல்ல வரும் பையன் இதை நூறாவது தடவையாகச் சொல்கிறான். வேகமாகச் சொல்லி முடிப்பான். நீங்கள் அவசரப்படாதீர்கள். தொலைபேசியில் வீடியோ எடுங்கள். எஞ்சினை எப்படி அணைப்பது, பின்னோக்கி எப்படிப் போவது, நங்கூரம் எங்கே, கழிப்பறை எப்படி, எரிவாயு வால்வு எங்கே. எல்லாவற்றையும் அவன் செய்து காட்டிய பிறகு நீங்கள் ஒரு தடவை செய்து பாருங்கள்.

ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, அவரவர் உடம்புக்குப் பொருந்தும் அளவில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் நீந்தத் தெரியாதவர்களுக்கும் படகு கட்டியிருந்தாலும் அங்கி கழற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதோடு மிதக்கும் மீட்புக் கயிறு, தீயணைப்பான், டோர்ச், விசில் அல்லது ஹோர்ன் எல்லாம் கண்ணால் பார்த்து எண்ணுங்கள். அம்மாமார் சேலையோடு வருவதாக இருந்தால் ஏறி இறங்கும்போது மட்டும் கவனம். படகுக்கும் துறைக்கும் இடையிலுள்ள அந்த ஒரு அடி இடைவெளிதான் ஏரி முழுவதிலும் ஆபத்தான இடம்.

எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மொனொக்சைட். ஜெனரேற்றரோ எஞ்சினோ ஓடும்போது படகின் பின்பக்கத்தில், புகை வெளியே வரும் இடத்துக்கு அருகில், யாரும் நீந்தக்கூடாது, கால் தொங்கவிட்டு உட்காரவும் கூடாது. வாசனை இருக்காது. மயக்கம் வந்து தண்ணீருக்குள் சரிந்துவிடுவார்கள். படுக்கும் அறையில் அதற்கான எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கட்டுவது

சரி, இப்போது கயிறு.

புறப்பட்ட முதல் மணி நேரத்தை ஊர் போய்ச் சேர்வதற்காகச் செலவழிக்காதீர்கள். படகெடுக்கும் துறையான மரீனாவுக்கு வெளியே, திறந்த தண்ணீரில், ஒரு மிதவையைத் துறை என்று நினைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நிற்கப் பழகுங்கள். உங்களுக்கு உடனே ஒன்று தெரியவரும்: படகுக்குப் பிரேக் இல்லை. கியரை நடுவில் போட்ட பிறகும் அது போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் பின்னோக்கிக் கியர் போட வேண்டும், அதுவும் முன்கூட்டியே. இன்னொன்று, கார் முன்பக்கத்தால் திரும்பும், படகு பின்பக்கத்தால் திரும்பும். நீங்கள் வலப்பக்கம் திருப்பினால் பின்பகுதி இடப்பக்கம் வீசி எறியப்படும். சுவரில் இடிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பின்பகுதிதான்.

துறையை நெருங்குவதற்கு முன்பு, குறைந்தது 200 மீற்றர் தூரத்திலேயே எல்லாம் ஆயத்தமாக வேண்டும். அணியத்தில் (படகின் முன்முனையில்) ஒரு கயிறு, பின்பக்கத்தில் ஒரு கயிறு. இரண்டும் *படகில்* கட்டியிருக்க வேண்டும் (மச்சானை நினைத்துக்கொள்ளுங்கள்). இடி தாங்கும் ரப்பர் உருளைகள் சுவரின் உயரத்துக்கு வெளியே தொங்க வேண்டும். யார் முன்கயிறு, யார் பின்கயிறு என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். பாய்வது யாருக்கும் வேலையல்ல. படகு துறையைத் தொட்ட பிறகு அடி எடுத்து வைத்து இறங்குவதுதான். கையாலோ காலாலோ படகைத் தள்ளிப் பிடிக்க ஒருபோதும் முயலாதீர்கள். பல தொன் எடை. படகு இடித்தால் கீறல், விரல் இடையில் போனால் மருத்துவமனை.

அடுத்தது காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது. கொடிக்கம்பத்தைப் பாருங்கள், தண்ணீரின் சுருக்கத்தைப் பாருங்கள். காற்றை எதிர்கொண்டு மெதுவாகப் போங்கள். எதிர்க்காற்று நமக்கு இனாமாகக் கிடைக்கும் பிரேக். சுவருக்குச் சாய்வாக, அணியம் முதலில் தொடுகிற மாதிரி நெருங்கி, முன்கயிற்றைப் பிடித்ததும் பின்பகுதியை உள்ளே கொண்டுவரலாம். கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்று என்றால் முன்கயிறு கட்டாயம் முதலில். கரையை நோக்கி அழுத்தும் காற்று என்றால் ஒரு அடி தள்ளி நின்றாலே போதும், காற்றே கொண்டு போய்ச் சேர்த்துவிடும். ஒழுங்காக வரவில்லை என்று தோன்றினால் வெட்கப்படாமல் விலகிப்போய், ஒரு வட்டம் அடித்துத் திரும்ப வாருங்கள். கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள் என்று நினைப்பீர்கள். படகு வைத்திருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், கயிறு பிடிக்கக் கை நீட்டுவார்கள்.

இன்னும் ஒன்று. துறை நெருங்கும்போது ஓட்டுபவர் கத்தக்கூடாது. நான் கத்தினேன், என் மனைவி இரண்டு மணி நேரம் பேசவில்லை. இப்போது எங்களுக்குள் கைச் சைகைகள்தான். உள்ளங்கை காட்டினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் விட்டுவிட்டுத் திரும்பு.

லொக்குக்குள்

லொக் என்பது இரண்டு பக்கமும் கதவு போட்ட பெரிய தண்ணீர்த் தொட்டி. கீழ்க்கதவு வழியாக உள்ளே போவீர்கள், கதவை மூடுவார்கள், மேல் ஏரியின் தண்ணீரை உள்ளே விடுவார்கள், தண்ணீரோடு படகும் ஏறும், மேல்கதவு திறக்கும். எஞ்சின் வேலை எதுவும் இல்லை, எல்லாம் தண்ணீரின் சொந்த எடை. பொப்கேஜனில் இது சிறிய ஏற்றம். ஃபெனலன் ஃபோல்ஸில் ஏறக்குறைய 7 மீற்றர். அருவிக்குப் பக்கத்திலேயே அருவி உயரத்துக்கு ஏறுகிறீர்கள். முதல் தடவை பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் வாயடைத்து நிற்பார்கள்.

நடைமுறை இப்படி. லொக்கை நெருங்கும்போது காத்திருப்புத் துறையில் ஒரு பகுதிக்கு நீலக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்குள் கட்டினால் "அடுத்த தடவை நான் போக வேண்டும்" என்று அர்த்தம். சும்மா ஊர் பார்க்க வந்திருந்தால் நீலக் கோட்டுக்கு வெளியே கட்டுங்கள். இது தெரியாமல் கோட்டுக்குள் கட்டிவிட்டுச் சாப்பிடப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பச்சை விளக்கோ பணியாளரின் கையசைப்போ வந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். யார் முன்னே, யார் பின்னே என்று அவர்கள் படகின் அளவைப் பார்த்துச் சொல்வார்கள்.

உள்ளே போனதும் சுவரில் மேலிருந்து கீழாகத் தடித்த கறுப்புக் கம்பிவடங்கள் தொங்கும். முன்கயிற்றை ஒரு வடத்தைச் சுற்றி, பின்கயிற்றை இன்னொரு வடத்தைச் சுற்றி, முனையைக் *கையில் பிடித்துக்கொள்ள* வேண்டும். கட்டக்கூடாது. இதைத்தான் நூறு தடவை சொன்னாலும் யாராவது மறப்பார்கள். இறங்கும்போது கயிறு கட்டியிருந்தால் தண்ணீர் கீழே போகும், படகு கயிற்றில் தொங்கும். சுற்றிப் பிடித்திருந்தால் கயிறு வடத்தோடு வழுக்கி வரும், ஏறினாலும் இறங்கினாலும் தொய்வை மட்டும் சரிசெய்தால் போதும். மேலே ஏறும்போது தண்ணீர் சுழித்துக்கொண்டு வரும். முன்கயிற்றுக்காரர் கொஞ்சம் பலமுள்ளவராக இருக்கட்டும்.

எஞ்சினை அணைக்க வேண்டும். சிகரெட், அடுப்பு, பார்பிக்யூ எதுவும் எரியக்கூடாது. பெற்றோல் ஆவி அந்தத் தொட்டிக்குள் தங்கிவிடும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. ஒரு தடவை நாங்கள் லொக்குக்குள் போனபோது அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. அணைத்துவிட்டோம்தான், ஆனால் மணத்தை அணைக்க முடியவில்லை. மேலே நின்ற பெண் பணியாளர் மூக்கைச் சுளிக்காமல் "இது என்ன, நன்றாக இருக்கும்போல" என்று கேட்டார். அந்தக் காலை முழுவதும் அவர் எங்களுக்குத் தோழி.

கட்டணம் படகின் நீளத்தை அடிக்கணக்கில் பார்த்துப் போடுகிறார்கள். ஒரு நாளுக்கு, பல நாளுக்கு, பருவம் முழுவதற்கும் என்று அனுமதிகள் உண்டு. லொக் சுவரில் இரவு தங்குவதற்குத் தனி அனுமதி. வாடகைப் படகில் இவை சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையின் பெரிய அதிசயம் கவார்த்தாவுக்குக் கொஞ்சம் கீழே, பீற்றர்பரோவில் இருக்கிறது. 1904-இல் திறந்த தூக்கு லொக். தராசுத் தட்டுகள் போல இரண்டு பெரிய தொட்டிகள். மேல் தட்டில் ஒரு அடி தண்ணீர் கூடுதலாக விட்டால் அது எடை கூடி இறங்கும், கீழ் தட்டு தன் படகுகளோடு ஏறும். 65 அடி உயரம், சில நிமிடங்களில். படகில் அங்கே போக நேரம் இல்லாவிட்டாலும் வீடு திரும்பும் வழியில் காரை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

மிதவையும் காற்றும்

பக்ஹோர்னிலிருந்து பொப்கேஜன், அங்கிருந்து ஃபெனலன் ஃபோல்ஸ் என்று போவது நீரோட்டத்துக்கு எதிர்த்திசை. மேல்நோக்கிப் போகும்போது சிவப்பு மிதவை உங்கள் வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். திரும்பி வரும்போது அப்படியே மாறும். சிவப்பின் தலை கூர்மையாகவும் பச்சையின் தலை தட்டையாகவும் இருப்பதால், வெயில் கண்ணில் அடித்து நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் சொல்லிவிடும். பாதை மிதவைகளுக்கு *இடையில்*. குறுக்குவழி தேடாதீர்கள். தொலைபேசிச் செயலி இருந்தாலும் கனடா நீர்வரைபடச் சேவையின் காகித வரைபடத்தை விரித்து வைத்து, கடந்து வந்த மிதவையின் எண்ணைப் பென்சிலால் குறிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தொலைபேசியைக் கேட்க மாட்டார்கள், அதுவே பெரிய லாபம்.

கரையிலிருந்து 30 மீற்றருக்குள்ளும் கால்வாய்ப் பகுதிகளிலும் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. லொக் இருக்கும் இடத்தில் பக்கத்தில் அணைக்கட்டும் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். எச்சரிக்கை மிதவைகளுக்கு அப்பால் இழுக்கும் தண்ணீர்.

காற்றைப் பற்றி. இங்கே கோடையில் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். யாழ்ப்பாணத்தில் சோளகம், கச்சான் என்று பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர்களுக்கு அதன் குணம் புரியும்: காலையில் சோம்பல், பகல் ஏற ஏறத் துள்ளல். பிஜன் ஏரி வடக்கு–தெற்காக நீண்டு கிடப்பதால் தெற்குக் காற்றில் அலை சேர்ந்துகொண்டே வரும். அதனால் ஒரே ஒரு பழக்கம்: காலையில் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குள் கட்டிவிடுவது. காற்றுக்கும் நல்லது, லொக் சுவரில் இடம் கிடைக்கவும் நல்லது. நீண்ட வார இறுதிகளில் நல்ல இடமெல்லாம் மதியத்துக்கு முன்பே போய்விடும். தூரத்தில் இடி கேட்டால் அன்றைய திட்டம் முடிந்தது. அருகிலுள்ள துறைக்கோ, காற்று மறைவான வளைவுக்கோ போய்விடுங்கள். 2022 மே 21 அன்று, லொக் பருவம் தொடங்கும் அதே வார இறுதியில், தென் ஒன்ராறியோவைக் கிழித்துக்கொண்டு போன சூறைக்காற்று பீற்றர்பரோவையும் விட்டுவைக்கவில்லை. வானிலை எச்சரிக்கை தொலைபேசியில் அலறினால் அதை அணைத்துவிட்டுப் பயணத்தைத் தொடராதீர்கள்.

எஞ்சின் திடீரென்று முக்கினால், சூடு ஏறினால், பெரும்பாலும் களைதான். பிற்பகுதிக் கோடையில் இந்த ஏரிகளில் பாசிக்கொடி தலைமுடி மாதிரி வளரும். நடுவுக்குக் கொண்டுவந்து, சில விநாடி பின்னோக்கி ஓட்டினால் சுற்றியது அவிழ்ந்துவிடும். சில இடங்களில் கதிர் போலத் தண்ணீருக்கு மேல் நிற்பது களையல்ல, காட்டரிசி. அனிஷினாபே மக்கள் மனோமின் என்று அழைத்துத் தலைமுறைகளாக அறுவடை செய்வது. அதற்குள் படகை விடாதீர்கள்.

இரவு

முதல் பயணத்தில் லொக் சுவரில்தான் தூங்குங்கள். கரையோரம் முழுவதும் தனியார் கொட்டேஜ்கள், கண்ட இடத்தில் கட்ட முடியாது. நங்கூரம் போடுவதாக இருந்தால் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். மூன்று மீற்றர் ஆழத்துக்குப் பதினைந்து மீற்றராவது. பிறகு மெல்லப் பின்னோக்கி இழுத்துப் பார்த்து, கரையிலுள்ள இரண்டு மரங்களை ஒரே நேர்க்கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்தும் அவை அதே கோட்டில் இருந்தால் தூங்கலாம். மேலே வெள்ளை விளக்கு எரிய வேண்டும்.

மாலைகளுக்கு வேலை இருக்கிறது. பொப்கேஜனில் 1937-இல் தொடங்கிய கவார்த்தா டெய்ரியின் ஐஸ்கிரீம். ஃபெனலன் ஃபோல்ஸில் அருவிச் சத்தம் கேட்டபடி நடக்கும் கடைத்தெரு. லின்ட்சியில் ஸ்கூகொக் ஆற்றங்கரையில் இடிந்து நிற்கும் பழைய ஆலை. நான் லின்ட்சியைக் குறைத்துத்தான் சொல்வேன். ஆறு அழகு, ஊர் கொஞ்சம் பெரிது, பலசரக்கு வாங்க நல்லது. மனதுக்குப் பிடித்தது ஃபெனலன்தான். அங்கே லொக் ஏறியதும் கமரன் ஏரி, தெளிந்த தண்ணீர், குளிக்க இதைவிட இடம் வேண்டாம்.

சமையலும் சங்கடமான மற்றதும்

அடுப்பு சிறியது. குழம்பு, சம்பல் எல்லாம் வீட்டிலேயே செய்து உறையவைத்துக் கொண்டுபோங்கள். பெட்டியில் ஐஸுக்குப் பதில் அதுவே குளிரும். புட்டு, இடியப்பம் முதல் நாளோடு முடியட்டும், பிறகு பாணும் முட்டையும். குடிதண்ணீர் தனியாக. தொட்டித் தண்ணீர் கைகழுவ மட்டும்.

கழிப்பறைத் தொட்டியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். அதை ஏரியில் திறந்துவிடுவது குற்றம். மரீனாவில் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். எட்டுப் பேர் நாலு நாள் என்றால் நடுவில் ஒரு தடவை நிறையும். ஊரில் கட்டியிருக்கும்போதெல்லாம் லொக் நிலையக் கழிப்பறைக்குப் போகச் சொல்லுங்கள். தாளைத் தவிர வேறு எதையும் உள்ளே போட்டால் அடைக்கும், அடைத்தால் திறக்கப் போவது வாடகை எடுத்தவர்தான்.

ஒரு மாதிரித் திட்டம்

திங்கள் பிற்பகல் பொப்கேஜனில் படகை எடுத்து, மரீனா வாசலில் ஒரு மணி நேரம் பழகி, லொக் சுவரில் கட்டி அங்கேயே முதல் இரவு. ஒரு கிலோமீற்றரும் போகாதது பற்றிக் கவலை வேண்டாம். செவ்வாய் காலை ஸ்டேர்ஜன் ஏரி வழியாக ஃபெனலன் ஃபோல்ஸ். படகுவீட்டில் மூன்று மணி நேரம் வரை ஆகும். லொக்கை அன்றே ஏறாமல் கீழே கட்டிவிட்டு, மற்றவர்கள் எப்படி ஏறி இறங்குகிறார்கள் என்று மேலே பாலத்திலிருந்து வேடிக்கை பாருங்கள். இதைவிட நல்ல பாடம் இல்லை. புதன் காலை ஏறி, கமரன் ஏரியில் குளித்துவிட்டு, மாலைக்குள் திரும்பி இறங்கி அதே இடத்தில் இரவு. வியாழன் ஸ்டேர்ஜன் ஏரியின் தெற்குக் கையில் லின்ட்சி வரை போகலாம், அல்லது காற்று பலமென்றால் நேராகப் பொப்கேஜன். வெள்ளி காலை ஒப்படைப்பு.

ஒப்படைக்கும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே மரீனாவுக்கு அருகில் வந்துவிடுங்கள். பெற்றோல் நிரப்பும்போது எல்லோரும் படகிலிருந்து இறங்க வேண்டும், சன்னல்கள் மூட வேண்டும். எஞ்சின் உள்ளே பொருத்திய படகு என்றால் நிரப்பி முடித்த பிறகு பெற்றோல் ஆவியை வெளியேற்றும் காற்றூதியை நான்கு நிமிடம் ஓடவிட்டுத்தான் எஞ்சினை மறுபடி தொடங்க வேண்டும். சொந்தப் படகை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் படகின் அடியிலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை முழுவதும் வடித்து, ஒட்டிய களையைப் பிடுங்கிவிட்டுத்தான் தெருவில் ஏற்ற வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி போன்றவை ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமலிருக்க 2022 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். பிறகு கயிறுகளைச் சுருட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, மேசைக்கடியில் கிடக்கும் பிள்ளைகளின் செருப்புகளை எண்ணுங்கள். எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைகிறது.